ஒரு போர்ஷே 914-க்கு மாற்று இன்ஜின் தேர்ந்தெடுத்த விதம்

1974-ஆம் ஆண்டு மாடல் போர்ஷே 914. 1.8 லிட்டர், காற்றால் குளிரும் நான்கு சிலிண்டர் இன்ஜின், போஷ் நிறுவனத்தின் எல்-ஜெட்ரானிக் எரிபொருள் அமைப்பு. கலிஃபோர்னியாவில் வசிக்கும் நண்பர் ஒருவருடைய கார். சாரடோகாவிலிருந்து மலையேறும் 9-ஆம் எண் சாலையில் போய்க்கொண்டிருந்தபோது இன்ஜினுக்குள் இரும்பு இரும்பை அடிக்கும் சத்தம் கேட்டது. நண்பர் உடனே அணைத்துவிட்டார். ஆனாலும் நேரம் கடந்துவிட்டிருந்தது.

இன்ஜினை இறக்கி, சிலிண்டர்களை மூடியிருக்கும் ஹெட்டைக் கழற்றிப் பார்த்தோம். ஒரு எக்ஸாஸ்ட் வால்வின் சீட் வளையம் தன் இடத்திலிருந்து கழன்று சிலிண்டருக்குள் விழுந்திருந்தது. பிஸ்டன் அதைத் திரும்பத் திரும்ப ஹெட்டில் வைத்து நசுக்கியதில் பிஸ்டனின் தலையும் ஹெட்டின் எரியறையும் குண்டும் குழியுமாகிவிட்டன. வால்வு வளைந்திருந்தது. எண்ணெயை வடித்தபோது அலுமினியத் துகள்கள் மின்னின. அந்த இன்ஜினை அப்படியே மூடி ஓட்ட வழியில்லை.

இனி எதை வைப்பது? 914 வைத்திருக்கும் பலர் வாழ்க்கையில் ஒருமுறையாவது இந்தக் கேள்விக்கு வந்து நிற்பார்கள். இந்தக் காருக்கு இருக்கும் வாய்ப்புகள் மிக அதிகம். இன்ஜின் அறைக்குள் எதை வேண்டுமானாலும் இறக்கலாம் என்று சொல்லும் அளவுக்கு மற்ற இன்ஜின்களை ஏற்றி ஓட்டியிருக்கிறார்கள். அதனால்தான் முடிவெடுப்பது கடினமாகிறது. நாங்கள் எப்படி யோசித்தோம், எதை ஏன் விலக்கினோம், எதை வைத்தோம் என்பதை இங்கே முழுமையாகப் பதிவு செய்கிறேன்.

என் நிலைப்பாட்டை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நடு-இன்ஜின் காரில் இன்ஜின் தனிப்பொருளாக உட்காருவதில்லை. அதற்கு முன்னால் ஓட்டுநரின் முதுகு, பின்னால் கியர்பாக்ஸ், இரு பக்கமும் உடலைத் தாங்கும் உத்திரங்கள், மேலே ஒரு சிறிய காற்று ஜன்னல். இன்ஜினை மாற்றினால் இவற்றில் எத்தனையை மாற்ற வேண்டியிருக்கும் என்பதுதான் முதல் கணக்கு. குதிரைத்திறன் அதற்குப் பிறகு வரட்டும்.

ஏன் செத்தது என்பதே முதல் கேள்வி

பழைய இன்ஜின் ஏன் செத்தது என்று தெரியாமல் புது இன்ஜின் வாங்குவது பணத்தை நெருப்பில் போடுவது. அதனால் வாய்ப்புகளைப் பற்றிப் பேசுவதற்கு முன்பே காரைச் சுற்றி வந்து காரணம் தேடினோம்.

914-இல் இருப்பது வோக்ஸ்வாகனின் டைப் 4 இன்ஜின். 1968-இல் வோக்ஸ்வாகன் 411 காருடன் அறிமுகமாகி, பின்பு அதே நிறுவனத்தின் வேன்களிலும் போன இன்ஜின். பீட்டில் இன்ஜினின் அண்ணன் என்று சொல்லலாம், ஆனால் அதைவிடக் கனமாக, உறுதியாக வடிவமைக்கப்பட்டது. குளிரூட்டும் ஃபேன் நேரடியாக இன்ஜினின் சுழல்தண்டான கிராங்கின் நுனியிலேயே உட்கார்ந்திருக்கும். 914-இல் கியர்பாக்ஸ் பின்னால் இருப்பதால் ஃபேன் முன்பக்கம், ஓட்டுநருக்குப் பின்னால் உள்ள தடுப்புச் சுவரைப் பார்த்தபடி இருக்கும்.

இந்த அமைப்பு ஒரே ஒரு நிபந்தனையின்மேல் நிற்கிறது. இன்ஜினைச் சுற்றி ஒரு தகரத் தட்டு, அந்தத் தட்டுக்கும் காரின் உடலுக்கும் நடுவே ஒரு ரப்பர்ப் பட்டை. தட்டுக்கு மேலே குளிர்ந்த காற்று, கீழே எக்ஸாஸ்ட் குழாய்களின் வெப்பம். இரண்டும் கலக்கக் கூடாது. ரப்பர் போய்விட்டால் ஃபேன் கீழேயிருந்து வரும் சூடான காற்றையே உறிஞ்சி மறுபடி சிலிண்டர்கள்மேல் ஊதும்.

நண்பரின் காரில் அந்த ரப்பர் பாதிக்கு மேல் இல்லை. இருந்த பாதியும் விரல் பட்டால் உதிர்ந்தது. முன்பு வைத்திருந்த யாரோ குளிரூட்டும் காற்றைக் கட்டுப்படுத்தும் மடல்களையும் அவற்றை இயக்கும் தெர்மோஸ்டாட்டையும் கழற்றி எறிந்திருந்தார்கள். இது பரவலான பழக்கம். 'மடல் இல்லாவிட்டால் எப்போதும் முழுக் காற்று கிடைக்கும்தானே' என்பது வாதம். ஆனால் அந்த மடல்கள் திறந்த நிலையில் காற்றை வழிநடத்தும் வேலையையும் செய்கின்றன. அவை இல்லாவிட்டால் இன்ஜின் சூடேறவும் அதிக நேரம் பிடிக்கும், ஒவ்வொரு பயணத்திலும் தேய்மானம் கூடும்.

வால்வு சீட் என்பது கெட்டியான உலோக வளையம். அலுமினிய ஹெட்டில் அதைவிடச் சற்றே சிறிய குழியில் இறுக்கி அடித்து உட்காரவைத்திருப்பார்கள். சூடேறும்போது அலுமினியம் அதிகமாக விரியும், வளையம் குறைவாக விரியும். வெப்பம் எல்லை மீறினால் பிடி தளரும். டைப் 4 இன்ஜின்கள் சாவதற்கு இது மிகவும் பழக்கப்பட்ட வழி. ஆக, இந்த இன்ஜின் வயதாகித் தேய்ந்து சாகவில்லை. அதைச் சுற்றியிருந்த பத்து டாலர் சமாச்சாரங்களைக் கவனிக்காமல் விட்டதால் வெந்து செத்தது. இது தெரிந்ததும் 'டைப் 4 பலவீனமான இன்ஜின், வேறு வைப்போம்' என்ற வாதம் எங்கள் பட்டியலிலிருந்து விழுந்துவிட்டது.

கார் என்ன சொல்கிறது

914-க்குக் கூரை கழற்றி வைக்கக்கூடியது. அதனால் உடலின் விறைப்பு முழுவதும் கதவுகளுக்குக் கீழே ஓடும் இரண்டு நீள்பெட்டி உத்திரங்களில்தான் இருக்கிறது. பேட்டரியோ இன்ஜின் அறையின் வலது மூலையில், சரியாக வலது உத்திரத்துக்கு மேலே. பேட்டரி அமிலமும் மேல் ஜன்னல் வழியாக வரும் மழைத்தண்ணீரும் சேர்ந்து அந்த மூலையை அரிக்கும். அங்கிருந்து உத்திரமும், பின்சக்கரத்தின் சஸ்பென்ஷனைத் தாங்கும் பிடிமானமும் அரிபடும். 914 ஆட்கள் அந்த மூலையை 'நரகக் குழி' என்றே சொல்வார்கள். பெயர் பொருத்தமானது.

சோதிக்க ஒரு எளிய வழி உண்டு. கதவு இடைவெளியைப் பாருங்கள். பிறகு காரைப் பின்பக்கமாக ஜாக்கி போட்டுத் தூக்கி மறுபடி பாருங்கள். இடைவெளி மாறினால், கதவு திறக்க மறுத்தால், உத்திரம் போய்விட்டது. அப்படிப்பட்ட காருக்கு எந்த இன்ஜினைப் பற்றியும் பேசக் கூடாது, முதலில் வெல்டிங் வேலைதான். நண்பரின் கார் கலிஃபோர்னியாவிலேயே வாழ்ந்தது. பேட்டரித் தட்டு அரித்திருந்தது, அதன் கீழே உத்திரத்தில் மேல்துரு மட்டும். தப்பித்தது.

அடுத்தது கியர்பாக்ஸ். 914-இல் இருப்பது போர்ஷேவின் 901 வகை ஐந்து கியர் பெட்டி. 1964-இல் வந்த முதல் போர்ஷே 911 காருக்காக உருவானது. அந்த 2 லிட்டர் இன்ஜின் 130 குதிரைத்திறன், 174 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை தந்தது. பெட்டியின் பற்கள் அந்த அளவுக்காக வெட்டப்பட்டவை. அதைவிடக் கொஞ்சம் தாங்கும், நிதானமாக ஓட்டுபவர் கையில் இன்னும் கொஞ்சம் தாங்கும். எல்லை இல்லாமல் தாங்காது. இந்த ஒரு உண்மையே பல வாய்ப்புகளின் விலையை இரட்டிப்பாக்குகிறது.

மூன்றாவது, சட்டம். கலிஃபோர்னியாவில் 1975 மாடல் வரையிலான பெட்ரோல் கார்கள் புகைப் பரிசோதனைக்கு வர வேண்டியதில்லை. 1974 கார் என்பதால் நண்பருக்கு எல்லாக் கதவும் திறந்திருந்தது. இதே கார் 1976 மாடலாக இருந்திருந்தால் கதை வேறு. அப்போது வைக்கும் இன்ஜின் காரின் ஆண்டுக்குச் சமமாகவோ அதற்குப் பிந்தையதாகவோ இருந்து, தன் புகைக்கட்டுப்பாட்டுச் சாமான்கள் அத்தனையுடனும் வந்து, தனி அலுவலர் பார்வையில் தேற வேண்டும். ஜெர்மனியில் இருப்பவர்களுக்கு இன்னொரு கவலை. முப்பது வயது கடந்த கார்களுக்கான வரலாற்று வண்டி எண்ணை இழக்காமல் இருக்க, செய்யும் மாற்றம் அந்தக் காலத்திலேயே சாத்தியமாக இருந்ததாக நிறுவ வேண்டும். ஆகவே இந்த ஆய்வை அப்படியே எடுத்து எல்லா ஊருக்கும் பொருத்த முடியாது.

நான்காவது, வண்டி எதற்கு. நண்பர் பந்தயத்துக்குப் போகிறவர் இல்லை. ஸ்கைலைன் சாலையில் வளைவுகளை ரசித்து ஓட்டுவார், சில நாட்களில் 280 நெடுஞ்சாலையில் வேலைக்கு எடுத்துப்போவார், கோடையில் நெரிசலில் நிற்பார். நீண்ட தூரப் பயண ஆசையும் உண்டு.

ஆறு சிலிண்டர் ஆசை

"ஆறு சிலிண்டர் வைத்தால்தானே அது முழுப் போர்ஷே, நீங்க என்ன சொல்றீங்க?" என்று நண்பர் கேட்டார். இந்த ஆசையை மதித்துத்தான் பேச வேண்டும், ஏனென்றால் தொழிற்சாலையே அதைச் செய்தது. 1969-இல் ஃபிராங்க்ஃபர்ட் கண்காட்சியில் 914 வந்தபோதே, 911 வரிசையின் அடிப்படை மாடலான 911 டி-யின் 2 லிட்டர் ஆறு சிலிண்டர் இன்ஜினுடன் 914/6-ம் வந்தது. 110 குதிரைத்திறன். 1972 வரை சுமார் 3,300 கார்கள் மட்டுமே. மொத்த 914 உற்பத்தியோ 1,15,000-க்கும் மேல்.

அந்த 914/6 ஏன் நின்றுபோனது என்பதில் எங்களுக்கு ஒரு பாடம் இருந்தது. வோக்ஸ்வாகன் தலைவர் நோர்ட்ஹோஃபும் ஃபெர்ரி போர்ஷேவும் வாய்ச்சொல்லாகச் செய்துகொண்ட ஒப்பந்தத்தில்தான் இந்தக் கார் பிறந்தது. 1968-இல் நோர்ட்ஹோஃப் இறந்தார். அவருக்குப் பின் வந்த நிர்வாகம் அந்த வாய்ச்சொல்லை அதே பொருளில் எடுத்துக்கொள்ளவில்லை. போர்ஷே வாங்கும் உடல்கூட்டின் விலை ஏறியது, 914/6-இன் விலை 911 டி-யை நெருங்கியது. வாங்குபவர்கள் இன்னும் கொஞ்சம் போட்டு 911-ஐயே எடுத்தார்கள். போர்ஷே என்ன செய்தது? 1973 மாடலில் டைப் 4-ஐயே 2 லிட்டராகப் பெருக்கி, நல்ல ஹெட்டுகள் போட்டு, ஐரோப்பாவில் 100 குதிரைத்திறனுக்குக் கொண்டுவந்தது. ஆறு சிலிண்டரைவிடப் பத்துதான் குறைவு. முறுக்குவிசை ஏறக்குறைய சமம், அதுவும் இன்னும் தாழ்ந்த சுழற்சியிலேயே கிடைத்தது. 914-க்கு மாற்று இன்ஜின் தேடும் சிக்கலைத் தொழிற்சாலையே ஒருமுறை சந்தித்து, ஒரு விடையும் சொல்லியிருக்கிறது. நான் இதற்கு அதிக எடை கொடுத்தேன்.

இன்று ஆறு சிலிண்டர் வைப்பதென்றால் கணக்கு இப்படிப் போகும். 911 இன்ஜினுக்கு எண்ணெய் தனித் தொட்டியில் இருக்கும், அந்தத் தொட்டிக்கு இன்ஜின் அறையில் இடம் வேண்டும். தடுப்புச் சுவரில் இன்ஜினைத் தாங்கும் பிடிமானம் வெல்டிங் செய்ய வேண்டும். ஃப்ளைவீலும் கிளட்சும் மாறும். தகரத் தட்டுகள், எக்ஸாஸ்ட், ஹீட்டர்க் குழாய்கள் எல்லாம் வேறு. பெரிய இன்ஜின் என்றால் முன்பக்கம் ஓர் எண்ணெய்க் கூலர், அதுவரை நீளும் குழாய்கள். நான்கு சிலிண்டர் 914-க்குச் சக்கரத்தில் நான்கு போல்ட்தான். 914/6-க்குத் தொழிற்சாலை 911-இன் முன் சஸ்பென்ஷனையும், காற்றோட்டமுள்ள டிஸ்க்குகளையும், ஐந்து போல்ட் சக்கரங்களையும் கொடுத்தது. இன்ஜினைக் கூட்டிவிட்டு பிரேக்கை விட்டுவைக்க யாருக்கும் உரிமையில்லை.

சரி, எந்த ஆறு சிலிண்டர்? 2.7 லிட்டர் எளிதில் கிடைக்கும். ஆனால் 1974 முதல் 1977 வரையிலான அந்த இன்ஜின்களின் மக்னீசியக் கிராங்க் கூட்டில், ஹெட்டை இறுக்கிப் பிடிக்கும் ஹெட் ஸ்டட்கள் திரெட்டைப் பிடுங்கிக்கொண்டு வருவது பேர்போன நோய். 911 எஸ்சி-யின் 3 லிட்டர் அலுமினியக் கூடு உறுதியானது. அதன் சில ஹெட் ஸ்டட்கள் உடையும் என்ற ஒரு குறை உண்டு, பழுதுபார்க்கும்போதே மாற்றிவிடலாம். மனசு அதைத்தான் கேட்கும். ஆனால் அமெரிக்க எஸ்சி-யின் 180 குதிரைத்திறனும் அதன் முறுக்குவிசையும் 901 பெட்டிக்கு அதிகம். பிந்தைய 911-களின் உறுதியான 915 பெட்டிக்கு மாறினால் கியர் மாற்றும் கம்பிகளை மாற்றியமைக்க வேண்டும். உடலையும் இறுக்க வேண்டும். தொழிற்சாலையே 190 குதிரைத்திறன் 2.4 எஸ் இன்ஜினை 914 உடலில் வைத்து 916 என்ற பெயரில் 11 கார்கள் செய்தபோது, கழற்றும் கூரையை விட்டுவிட்டு எஃகுக் கூரையை நிரந்தரமாகப் பொருத்தியது. அவர்கள் சும்மா செய்யவில்லை.

இத்தனைக்கும் மேல், காற்றில் குளிரும் 911-களின் விலை ஏறியதோடு அவற்றின் இன்ஜின் விலையும் ஏறிவிட்டது. திறந்து பார்க்காத ஓர் எஸ்சி இன்ஜினை வாங்கி, அதைப் பிரித்துச் சரிசெய்து, மேலே சொன்ன எல்லாவற்றையும் செய்தால், காரின் விலையைப் போலப் பல மடங்கு போகும். நண்பரால் கொடுக்க முடிந்திருக்கலாம். ஆனால் கார் மூன்று ஆண்டு பட்டறையில் நிற்கும் என்று நான் சொன்னேன். இந்த வகை வேலைகள் பாதியில் நின்று, பிரித்த நிலையிலேயே விற்பனைக்கு வந்த கார்கள் எத்தனையோ.

வி8, சுபாரு, மின்சாரம்

எட்டு சிலிண்டர் செவர்லே வி8 பற்றி நான் அதிகம் பேச விரும்பவில்லை. 1970-களிலிருந்தே அதற்குப் பொருத்துக் கருவிகள் விற்கப்படுகின்றன, நேர்க்கோட்டில் அந்தக் கார் ஒரு பயங்கரம். இரும்பாலான சிறிய வி8-இன் எடை 250 கிலோவுக்கு மேல். டைப் 4 அதில் ஏறக்குறையப் பாதிதான். மொத்தம் 900 கிலோ சொச்சம் எடையுள்ள காரில், அதுவும் எடை முழுவதும் தாழ்வாக இருப்பதே அழகாக உள்ள காரில், அவ்வளவு உயரமான இரும்பைத் தூக்கி வைப்பது வண்டியின் குணத்தையே மாற்றிவிடும். 901 பெட்டி தாங்க வேண்டிய முறுக்குவிசை அதன் கணக்கைப் போல ஏறக்குறைய இரு மடங்கு. விலக்கினோம்.

சுபாருவை அப்படி விலக்க முடியவில்லை. அதுவும் எதிரெதிர் சிலிண்டர் இன்ஜின், தட்டையானது, 914-இன் அறைக்கு உடன்பிறந்ததுபோல் இருக்கும். 1990-களின் இஜே22 என்ற 2.2 லிட்டர் நீண்டகாலம் உழைக்கும் இன்ஜின் என்று பேரெடுத்தது. அமெரிக்காவில் 135 குதிரைத்திறன் அளவு, பழைய சாமான் கடையில் மலிவு, உதிரிபாகம் எந்தக் கடையிலும் உண்டு. 901 பெட்டியோடு இணைக்கும் தட்டுகளும் கிடைக்கின்றன. இஜே25 என்ற 2.5 லிட்டரின் ஹெட் கேஸ்கெட் ஒழுக்கு இதில் பெரும்பாலும் இல்லை. இந்த வழியில் போய் நன்றாக ஓடும் கார்களைப் பார்த்திருக்கிறேன்.

ஆனால் சுபாரு தண்ணீரால் குளிரும் இன்ஜின், அந்தத் தண்ணீர்தான் சிக்கல். ரேடியேட்டரை முன்னால் வைக்க வேண்டும், 914-இன் முன்பெட்டியிலோ உபரிச் சக்கரமும் பெட்ரோல் தொட்டியும் இருக்கின்றன. தகரத்தை வெட்ட வேண்டும். காற்று உள்ளே வர வழி செய்வது எளிது, வெளியே போக வழி செய்வதுதான் வேலை. ரேடியேட்டரைத் தாண்டிய காற்றுக்குப் போக்கிடம் இல்லாவிட்டால் எவ்வளவு பெரிய ரேடியேட்டரும் நெரிசலில் கைவிடும். அங்கிருந்து இன்ஜின்வரை காரின் நீளம் முழுக்கத் தண்ணீர்க் குழாய்கள், அவற்றில் சிக்கும் காற்றை வெளியேற்ற உயரத்தில் ஒரு தொட்டி. மேலே, சுபாருவின் இன்டேக் மேனிஃபோல்டு இன்ஜின் மூடியில் முட்டும் உயரம், பலர் அதைத் திருப்பிப் பொருத்துகிறார்கள். கீழே, எண்ணெய்த் தட்டின் ஆழம் தரையை நெருங்கும். பிறகு வயரிங். ஒரு முழுக் காரின் வயர்க் கட்டிலிருந்து தேவையானதை மட்டும் பிரித்தெடுப்பது பொறுமையின் வேலை.

இவை அனைத்தும் செய்யக்கூடியவையே. துரு அரித்து, முன்பகுதி ஏற்கனவே வெட்டுப்பட்டு, அசல் இன்ஜினும் இல்லாமல் வரும் 914-க்கு நான் தயங்காமல் இஜே22 சொல்வேன். வெட்டுப்படாத, அசல் இன்ஜின் எண்ணோடு இருக்கும் ஒரு காரில் திரும்பி வர முடியாத வெட்டுகளைப் போடுவதுதான் எனக்கு ஒப்பவில்லை.

மின்மோட்டாரையும் ஒரு மாலை பேசினோம். 914-க்கு அது பழக்கமான வழிதான். நண்பர் வேண்டாம் என்றார், பேச்சு அங்கேயே முடிந்தது.

2056

மிஞ்சியது டைப் 4-ஐயே மறுபடி கட்டுவது. அப்படிக் கட்டுவதென்றால் 1.8 ஆகவே ஏன் கட்ட வேண்டும்? 1.8-இன் பிஸ்டன் விட்டம் 93 மி.மீ., ஓட்டம், அதாவது பிஸ்டன் நகரும் தூரம், 66 மி.மீ. 96 மி.மீ. பிஸ்டன் மட்டும் போட்டால் 1911 சி.சி. வரும். போர்ஷேவின் 2 லிட்டருக்கு ஓட்டம் 71 மி.மீ. அந்தக் கிராங்கையும் 96 மி.மீ. பிஸ்டனையும் சேர்த்தால் 2056 சி.சி. இன்னும் நீளமான 78.4 மி.மீ. கிராங்க் போட்டு 2270-வரை போகலாம், ஆனால் அங்கே கூட்டின் உள்பக்கத்தைச் செதுக்குவதிலிருந்து தனிக் கனெக்டிங் ராடுகள்வரை விலை ஏறும், வெப்பமும் ஏறும். வெந்து செத்த இன்ஜினுக்கு அதே சாலையில் இன்னும் வெப்பத்தை ஏற்ற எனக்கு விருப்பமில்லை.

2056-இன் பெரும் நன்மை, அதற்கு வேண்டிய கிராங்க் வோக்ஸ்வாகனின் 2 லிட்டர் வேன் இன்ஜின்களிலேயே இருக்கிறது. 1976 முதல் 1983 வரையிலான வேன்கள். ராடுகளையும் அதே இன்ஜினிலிருந்து எடுத்தோம், 1.8-இன் ராடு இந்தக் கிராங்கில் ஏறாது. வேனின் ஹெட்டுகளை மட்டும் தொடவில்லை, அவற்றின் வால்வுகள் சிறியவை. போர்ஷே 2 லிட்டரின் அசல் ஹெட்டுகள் அருமையானவை. ஆனால் விரிசல் இல்லாமல் கிடைப்பது அரிது, கிடைத்தாலும் விற்பவர் சொல்வதுதான் விலை. அதனால் 1.8 வகை ஹெட்டுகளிலேயே, புதிதாக வார்த்த ஒரு ஜோடியை எடுத்து, 96 மி.மீ. சிலிண்டர் உட்காரும்படி கடைந்து, வால்வு சீட்களை இறுக்கமான அளவில் புதிதாகப் போட்டோம். நல்ல நிலையில் இருந்த மறுபக்க ஹெட்டை மறுபடி வைக்க நண்பருக்கு ஆசை. அதுவும் அதே சூட்டில் வெந்ததுதான் என்று சொல்லி ஒதுக்கிவைத்தேன்.

கூட்டைப் பற்றி ஒரு எச்சரிக்கை. உலோகத் துகள் சுற்றிய இன்ஜினில் எண்ணெய் வழிகளின் அடைப்புகளைத் தோண்டி எடுத்து, உள்ளே தூரிகை விட்டுக் கழுவ வேண்டும். எண்ணெய்க் கூலரைக் கழுவிப் பயனில்லை, மடிப்புகளில் துகள் ஒளிந்திருந்து புது பேரிங்கைத் தின்னும். புதிதாக வாங்கினோம்.

கம்ப்ரெஷன் விகிதத்தை எட்டரையை ஒட்டி வைத்தோம். கலிஃபோர்னியாவின் உயர்தரப் பெட்ரோலே 91 ஆக்டேன்தான். காற்றில் குளிரும் இன்ஜினில் அந்தப் பெட்ரோலுக்கு விகிதத்தை அதிகம் ஏற்றினால் வெடிப்புத் தட்டல் வரும், தட்டலோடு வெப்பம் வரும். வால்வுகளைத் திறக்கும் கேமும் மிதமானது. இரட்டை வெபர் கார்புரேட்டர் வைக்கச் சொன்னவர்கள் உண்டு, அதன் ஒலியும் தோற்றமும் எனக்கும் பிடிக்கும். மலையும் ஏறி, கோடை நெரிசலிலும் நின்று நின்று போகும் வண்டிக்கு, எரிபொருளைத் தெளித்துச் செலுத்தும் இன்ஜெக்‌ஷனே மேல் என்று முடிவெடுத்தோம். எல்-ஜெட்ரானிக் காற்றின் அளவை ஒரு மடலால் நேரடியாக அளக்கிறது. அதனால் சின்ன மாற்றங்களைத் தானே சமாளிக்கும், இவ்வளவு பெரிய மாற்றத்துக்கு மடலும் இன்ஜெக்டரும் போதாமல் போகும். அசல் காற்றறையையும் குழாய்களையும் வைத்துக்கொண்டு, கட்டுப்பாட்டை மட்டும் நிரல் எழுதக்கூடிய இன்றைய மின்னணுப் பெட்டிக்கு மாற்றினோம். பழையதை ஒரு பெட்டியில் போட்டு எழுதி வைத்திருக்கிறோம்.

இத்தனை செய்தும், இந்த வேலையில் முக்கியமானது எது என்று கேட்டால் ரப்பர்ப் பட்டை என்பேன். முழுச் சுற்றும் புதிது, தட்டில் இருந்த ஒவ்வொரு ஓட்டைக்கும் மூடி, மடல்களும் தெர்மோஸ்டாட்டும் அதனதன் இடத்தில். ஸ்பார்க் பிளக்கின் அடியில் வெப்ப உணரி வைத்து, ஹெட்டின் சூட்டை ஓட்டுநர் கண் முன் காட்டும் மானி ஒன்றும்.

முதல் ஸ்டார்ட்டில் ஒரு விதி. இவ்வகைக் கேமும் அது தள்ளும் டாப்பெட்டும் ஒன்றோடொன்று உரசிப் பழக வேண்டும். இன்றைய எண்ணெய்களில் துத்தநாகச் சேர்மானம் குறைவு என்பதால், அது கூடுதலாக உள்ள எண்ணெய் ஊற்றி, ஸ்டார்ட் ஆனதும் ஐடிலில் விடாமல் இருபது நிமிடம் 2000 சுழற்சிக்கு மேல் வைத்திருக்க வேண்டும். பெட்ரோல், தீப்பொறி எல்லாம் முன்கூட்டியே சரியாக இருந்தால்தான் இது முடியும். நிறுத்தி நிறுத்தி ஸ்டார்ட் செய்து கேமைத் தேய்த்தவர்கள் பலர்.

ஓடிய பிறகு

குதிரைத்திறன் நூறை ஒட்டித்தான் இருக்கும், அமெரிக்கக் கணக்கில் 76 ஆக இருந்த காருக்கு அது போதும். ஸ்கைலைன் ஏற்றத்தில் முன்பு இரண்டாம் கியர் கேட்ட வளைவுகளில் மூன்றிலேயே இழுக்கிறது. கோடையில் 280-இல் நெரிசலில் நின்றபோதும் ஹெட் வெப்பமானி நாங்கள் குறித்த எல்லைக்குக் கீழேயே நின்றது. கியர்பாக்ஸ், கிளட்ச், சக்கரம், பிரேக், உடல், எதையும் வெட்டவில்லை, மாற்றவில்லை.

குறைகளும் உண்டு. மின்னணுப் பெட்டியின் குளிர்கால ஸ்டார்ட் அளவுகளைச் சரிசெய்ய ஒரு குளிர்காலம் முழுவதும் பிடித்தது. புஷ்ராட் குழாய்களின் சீல்களில் ஒன்றில் இலேசாக எண்ணெய் கசிகிறது. நெடுஞ்சாலையில் 911-உடன் பக்கம் பக்கமாகப் போகும்போது அந்த ஆறு சிலிண்டர் ஒலி நண்பரின் முகத்தில் ஏதோ செய்கிறது, அதை நான் மறுக்கமாட்டேன். அந்த ஒலிக்காகவே செலவு செய்கிறவர்களைக் குறைசொல்ல எனக்கு மனமில்லை. ஐந்து போல்ட் முன் சஸ்பென்ஷன் ஏற்கனவே மாற்றப்பட்டு, உத்திரங்கள் இறுக்கப்பட்டு ஒரு கார் கைக்கு வந்தால், என் பரிந்துரையும் 3 லிட்டர் ஆறுதான்.

பழைய 1.8-இன் 66 மி.மீ. கிராங்கையும் ராடுகளையும் எண்ணெய் பூசிச் சுற்றி நண்பரின் கராஜில் வைத்திருக்கிறோம். அசல் எண் பதித்த கூடு காரிலேயே இருப்பதால், பின்னாளில் யாராவது தொழிற்சாலை நிலைக்குத் திருப்ப நினைத்தால் இரண்டையும் சேர்த்துவிடலாம். அடுத்த வேலை 901 பெட்டியைத் திறப்பது. முதல் இரண்டு கியர்களும் உரசாமல் விழ உதவும் சின்க்ரோ வளையங்கள் தேய்ந்திருக்கின்றன, குளிர்ந்த காலையில் இரண்டாம் கியர் உரசிக்கொண்டுதான் விழுகிறது.